ஆர்க்காட்டுக் கடனும் அவையின் மௌனமும்
எட்மண்டு பர்க்கின் பேருரை பற்றிய ஒரு திறனாய்வு

இலக்கியம் என்றவுடன் காவியம், நாடகம், நாவல், சிறுகதை என்னும் வகைகளே நம் நினைவில் எழுகின்றன. அவையில் நின்று ஒருவர் பேசிய பேச்சும், அரசாங்கக் கோப்பும், கடன் பேரேடும் இலக்கிய ஆராய்ச்சியின் எல்லைக்குள் வருவன அல்ல என்று கருதுவோர் பலர். ஆயினும், ஒரு நாட்டின் வரிப்பணம் எவ்வழியே சென்று எவர் பெட்டியில் விழுந்தது என்பதைச் சொல்ல எழுந்த ஒரு பேச்சு, சொல்லிய திறத்தால் இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்தும் நிற்குமாயின், அதனை இலக்கியம் அன்று எனத் தள்ளிவிடுதல் எளிதன்று. எட்மண்டு பர்க் என்பார் 1785ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இலண்டன் காமன்ஸ் சபையில், ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி ஆற்றிய உரை அத்தகைய தகுதி வாய்ந்தது.

வாரன் ஹேஸ்டிங்சின் மீது பின்னாளில் நடந்த பெருவழக்கில் பர்க் ஆற்றிய உரைகளையே உலகம் மிகுதியும் அறியும். அவற்றின் ஒளியில் இவ்வுரை சற்றே மங்கிப் போயிற்று. ஆனால் தமிழர்க்கு இதன்மேல் ஒரு தனி உரிமை உண்டு. இதில் பேசப்படும் நிலம் நம் நிலம்; ஏரிகள் நம் ஏரிகள்; அடைபட்ட கடன் நம் உழவர் தந்த வரியால் அடைபட்டது. அதனினும் மேலான காரணம் ஒன்றும் உண்டு. வணிக நிறுவனங்கள் அரசியலைத் தம் வயப்படுத்தும் முறை எத்தகையது, அம்முறையை எழுத்தில் பிடித்துக் காட்டுவது ஏன் அரிது என்னும் இரு வினாக்களுக்கும் விடை தேடுவோர் முதலில் படிக்க வேண்டிய நூல்களுள் இது ஒன்று. அந்நோக்குடனேயே இக்கட்டுரை இவ்வுரையை அணுகுகிறது.

கடன் பிறந்த கதை

ஆர்க்காட்டு நவாபாக விளங்கிய வாலாஜா முகமது அலி, ஆங்கிலக் கும்பினியின் துணையால் அரியணையை நிலைப்படுத்திக் கொண்டவர். துணைக்கு வந்த படையின் செலவை நவாபே ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. கையில் பணம் இல்லாதபோது அவர் கடன் வாங்கினார். எவரிடம் வாங்கினார் என்பதே இங்குக் கருதத்தக்கது. கும்பினிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கும்பினியின் ஊழியர்களிடமே வட்டிக்கு வாங்கினார். நூற்றுக்கு 20, 25 என்றும் அதற்கு மேலும் வட்டி ஏறியது. கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் வரி வருவாய் எழுதிக் கொடுக்கப்பட்டது. சில நூறு பவுன் ஆண்டுச் சம்பளம் பெற்ற இளம் ஊழியர், ஒரு சீமையின் அறுவடைக்கே உரிமை கொண்டாடும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

அவ்வூழியர்களுள் தலையாயவர் பால் பென்பீல்டு. 1764இல் சென்னைக்கு வந்த இவர் கட்டடப் பொறியாளராகவும் தொழில் புரிந்தவர். கடற்கரையில் இன்றும் நிற்கும் சேப்பாக்கம் அரண்மனையை நவாபுக்காகக் கட்டியவர் இவரே என்பர். பொறியாளராய்த் தொடங்கியவர் விரைவிலேயே வட்டித் தொழிலில் முதல்வரானார். 1767ஆம் ஆண்டுத் தொகுப்புக் கடன், 1777ஆம் ஆண்டுத் தொகுப்புக் கடன், குதிரைப்படைக் கடன் என மூன்று பெயர்களில் நவாபின் கடன்கள் பெருகின.

இவற்றுள் குதிரைப்படைக் கடனின் வரலாறு கேட்பவர்க்குக் கதைபோல் தோன்றும். நவாபின் குதிரை வீரர்களுக்குச் சம்பள பாக்கி கொடுத்து அவர்களைக் கலைக்க வேண்டும், பணம் இல்லை. சில ஆங்கிலேயர் முன்வந்து தாம் கொடுப்பதாகச் சொல்லி, அதற்கு ஈடாக வரி வருவாயைப் பெற்றனர். வீரர்களுக்கோ பணம் உடனே கொடுக்கப்படவில்லை. பர்க் விரித்துரைப்பதன்படி, குடிகளிடம் தண்டிய வரிப்பணத்திலிருந்தே அந்தப் பாக்கி நெடுநாள் கழித்து அடைக்கப்பட்டது. நவாபின் பணத்தையே எடுத்து நவாபின் கடனாக எழுதி, அதற்கு நவாபிடமே வட்டியும் பெற்றனர் என்பது இதன் பொருள். கடன் என்னும் சொல்லுக்கே இங்குப் பொருள் மாறிவிடுகிறது. கொடுத்தவர் கொடுக்கவில்லை, வாங்கியவர் வாங்கவில்லை, திருப்பிச் செலுத்தியவர் மட்டும் உண்மையாகவே செலுத்தினார். அவர் ஏரின் பின் நடந்தவர்.

ஆளுநர் சிறைப்பட்டது

இக்கடன்காரரின் கை எவ்வளவு நீண்டது என்பதைத் தஞ்சை வரலாறு காட்டும். 1773இல் கும்பினிப் படையின் துணையோடு நவாப் தஞ்சையைக் கைப்பற்றித் துளஜா மன்னரை நீக்கினார். இலண்டனில் இருந்த கும்பினி இயக்குநர்கள் இதனை ஏற்கவில்லை. மன்னரை மீண்டும் அமர்த்துமாறு பணித்து, பிகட்டு பிரபுவை ஆளுநராகச் சென்னைக்கு அனுப்பினர். 1776இல் அவர் அவ்வாறே செய்தார். உடனே பென்பீல்டு ஒரு கணக்கோடு முன்வந்தார். தஞ்சையின் வருவாயின்மேல் நவாப் தமக்கு எழுதிக் கொடுத்த வகையில் 1,62,000 பவுனும், தனியாட்களிடமிருந்து 72,000 பவுனும் தமக்கு வரவேண்டும் என்றார். ஆளுநர் அதனை ஏற்க மறுத்தார். ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையினர் மாறாக நின்றனர். பூசல் முற்றி, அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆளுநரையே அவர்கள் சிறைப்பிடித்தனர். 1777 மே மாதத்தில் காவலில் இருந்தவாறே பிகட்டு உயிர் நீத்தார்.

ஓர் ஊழியரின் கடன் பத்திரத்துக்கும் ஓர் ஆளுநரின் ஆணைக்கும் இடையே நடந்த போரில் பத்திரம் வென்றது. அலுவலில் மேலானவர் கீழானவரிடம் தோற்றதன் காரணம் தனியொருவரின் துணிச்சல் அன்று. சபையில் இருந்தவர்கள் அந்தக் கடனால் நலம் பெறக்கூடியவர்களோடு ஒன்றிக் கலந்திருந்தமையே காரணம். ஆள்வோரும் கடன் கொடுத்தோரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தால், அங்கே கையூட்டு என்று தனியே ஒன்று வேண்டுவதில்லை அன்றோ?

கடன் வாக்கான விதம்

கதையின் அடுத்த பகுதி இலண்டனில் நடக்கிறது. சென்னையில் ஈட்டிய செல்வத்தோடு சென்றவர்கள் நாடாளுமன்ற இடங்களை விலைக்கு வாங்கினர். அக்காலத்து இங்கிலாந்தில் சில தொகுதிகளில் வாக்காளர் தொகை மிகச் சிறிது. பணம் உடையவர் உறுப்பினராவது எளிது. பென்பீல்டு 1780இல் கிரிக்லேடு தொகுதியின் உறுப்பினரானார். தம்மையும் சேர்த்து எட்டுப் பேரை அவர் சபைக்கு அனுப்பினார் என்பது பர்க்கின் குற்றச்சாட்டு.

1783இல் கும்பினியின் ஆட்சியதிகாரத்தைக் கட்டுப்படுத்த பாக்ஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதன் ஆக்கத்தில் பர்க்குக்குப் பெரும் பங்கு உண்டு. கும்பினி அதனைக் கடுமையாக எதிர்த்தது, அரசரும் எதிர்த்தார், பிரபுக்கள் சபையில் மசோதா தோற்றது, அமைச்சரவை வீழ்ந்தது. இளைஞரான பிட் பிரதமரானார். 1784ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவர் பெரும்பான்மை பெற்றார். அத்தேர்தலில் அவருக்காக ஓடியாடி உழைத்தவர்களுள் ஒருவர் ரிச்சர்டு அட்கின்சன். அவர் பென்பீல்டின் முகவரும் ஆவார்.

அதே ஆண்டில் பிட் கொண்டுவந்த இந்தியச் சட்டம், நவாபின் கடன்களை ஆராயுமாறு பணித்தது. இயக்குநர்களும் அவ்வாறே ஆராய்வதற்கான கடிதம் ஒன்றை எழுதினர். ஆனால் புதிதாக அமைந்த கட்டுப்பாட்டு வாரியம், டண்டாசின் வழிகாட்டலில் அக்கடிதத்தை மாற்றி எழுதிற்று. ஆராய்ச்சி இல்லாமலே மூன்று கடன்களையும் ஏற்று, கருநாடகத்தின் வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், ஒதுக்கச் சொல்லிற்று. ஆராய்க என்று சட்டம் சொல்ல, கொடுத்துவிடுக என்று ஆணை சொல்லிற்று. சட்டத்தின் ஓர் எழுத்தும் மாறவில்லை, நடைமுறை தலைகீழாயிற்று.

இந்த ஆணை தொடர்பான காகிதங்களைச் சபையின் முன் வைக்குமாறு பாக்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். அதனை ஆதரித்துப் பர்க் பேசிய பேச்சே நாம் காண்பது. எவரையும் தூக்கிலிடச் சொல்லி அவர் பேசவில்லை. எவர் பொருளையும் பறிக்கச் சொல்லவும் இல்லை. கணக்கைக் காட்டுக என்பதே கோரிக்கை. அரசுத் தரப்பினர் மறுமொழி சொல்லவும் தேவையில்லை என்று முடிவு செய்து வாக்கெடுப்புக்கு விட்டனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தீர்மானத்துக்குச் சார்பாக 69 வாக்குகளும் எதிராக 164 வாக்குகளும் விழுந்தன. பர்க் அதே ஆண்டில் தம் உரையைப் பிற்சேர்க்கைகளோடு நூலாக வெளியிட்டார். அவை கேளாததை உலகம் படிக்கட்டும் என்பது அவர் கருத்துப் போலும்.

உரையின் கட்டுக்கோப்பு

இவ்வுரையைப் படிப்பவர் முதலில் சோர்வடைதல் இயற்கை. தொகைகள், வட்டி விகிதங்கள், ஆண்டுகள், பத்திரங்கள் எனப் பக்கங்கள் நீள்கின்றன. ஆயினும் பொறுமையோடு செல்வார்க்கு ஒரு நுட்பம் புலப்படும். பர்க் இரண்டு கணக்குகளை எடுத்துக்கொள்கிறார். ஒன்று சென்னையில் எழுதப்பட்ட கடன் கணக்கு. மற்றொன்று இலண்டனில் எழுதப்படாமலே வைக்கப்பட்ட தேர்தல் கணக்கு. இவ்விரண்டும் தனித்தனியே இருக்கும்வரை இரண்டிலும் குற்றம் காண்பது அரிது. கடன் கொடுத்தவன் திருப்பிக் கேட்பது தவறா? தம் கொள்கைக்கு உகந்த கட்சிக்குச் செல்வர் துணைநிற்பது தவறா? இரண்டு கேள்விகளுக்கும் இல்லை என்று விடை சொல்லிவிடலாம். இரண்டையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே எழுதும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. அங்கே கொடுத்தது இங்கே பெற்றதற்கு விலை என்பது தெரிகிறது. பர்க்கின் கலை இந்தப் பக்கத்தை எழுதியதில் இருக்கிறது.

இதனோடு இணைந்த மற்றொரு கருத்து இன்னும் கூர்மையானது. நவாபும் கடன்காரரும் எதிரிகள் அல்லர். இருவரும் கூட்டாளிகள் என்கிறார் அவர். வழக்கமாகக் கடன் வழக்கில் வாதி ஒருவர், பிரதிவாதி ஒருவர். இங்கோ இருவரும் ஒரு பக்கம் நிற்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் நிற்கவேண்டியவர்கள் கும்பினியின் கருவூலமும் கருநாடகத்துக் குடிகளும். அவர்கள் வழக்கு மன்றத்துக்கு அழைக்கப்படவே இல்லை. பெருவணிகம் அரசைத் தாக்கிப் பணிய வைக்கிறது என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். தாக்குதல் எங்கும் நிகழவில்லை, உடன்பாடுதான் நிகழ்ந்தது என்று காட்டியதே இவ்வுரையின் அரசியல் அறிவு. உடன்பாட்டில் பங்கு பெறாதவனே அதற்கு விலை கொடுப்பவன் என்பது அதன் அறம்.

ஏரிகளின் பாடல்

கணக்குகளால் வறண்ட உரை, நடுப்பகுதியில் திடீரெனக் காட்சியாக மலர்கிறது. 1780இல் ஐதர் அலி கருநாடகத்தின்மேல் படையெடுத்து வந்த நிகழ்ச்சியை, மலைமேல் திரண்டு நின்று பின் சமவெளியின்மேல் கவிழும் மேகத்தைப்போல் பர்க் வருணிக்கிறார். ஆங்கில உரைநடைத் தொகுப்புகள் பலவற்றில் இப்பகுதி இடம் பெற்றிருக்கிறது. படைகள் அந்நாட்டின் நடுவே செல்லும்போது மனிதரோ நாற்கால் விலங்கோ கண்ணில் படவில்லை என்று சொல்லிவிட்டு, கேட்போரை நோக்கித் திரும்புகிறார். கருநாடகம் ஏறத்தாழ இங்கிலாந்தின் அளவுடையது. உங்கள் நாடே கடல் முதல் கடல் வரை இவ்வாறு வெறிச்சோடிக் கிடப்பதாக எண்ணிப் பாருங்கள் என்னும் பொருள்படப் பேசுகிறார். தொலைவில் உள்ள துன்பத்தை அருகே கொண்டுவரும் உத்தி இது.

ஆயினும் என் கருத்தில் உரையின் சிகரம் அதற்கு அடுத்து வரும் ஏரிகளைப் பற்றிய பகுதியே. அந்நாட்டில் ஆறுகள் ஆண்டு முழுதும் ஓடுவன அல்ல. மழைநீரைத் தேக்கியே பயிர் செய்ய வேண்டும். கருநாடகத்திலும் தஞ்சையிலும் பெரியனவும் நடுத்தரமானவுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாத நீர்நிலைகள் உள்ளன என்று விளக்குகிறார். கும்பினியின் ஜாகீர்ப் பகுதியில் மட்டும் ஆயிரத்து நூறு ஏரிகள் என்று எண்ணிச் சொல்கிறார். இவற்றை அமைத்தவர்களே மெய்யான மன்னர்கள். பின்வரும் தலைமுறைகளைத் தம் மக்களாகக் கருதி அன்பின் மிகுதியால் தம் வாழ்நாளுக்கு அப்பாலும் நன்மை செய்ய விரும்பியவர்கள் என்று போற்றுகிறார்.

தமிழ் கற்றவர்க்கு இவ்விடத்தில் புறநானூற்றின் 18ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் இராது. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் சொன்ன அறிவுரை அது. மறுமைச் செல்வமும், வெற்றியும், நிலைத்த புகழும் வேண்டுவையாயின் நிலம் குழிந்த இடந்தோறும் நீரைத் தேக்குக என்பது அதன் சாரம். பர்க் அப்பாட்டை அறிந்திருக்க வழியே இல்லை. ஆயினும் சென்னைச் செய்திகளைப் படித்துப் படித்து, நீர்நிலையே இந்நாட்டில் அரசின் உரைகல் என்னும் முடிவுக்கு அவர் தாமே வந்திருக்கிறார். குடபுலவியனார் மன்னனை நோக்கி இனிச் செய்க என்றார். பர்க் வணிகர் ஆட்சியை நோக்கி, முன்னோர் செய்ததையேனும் அழியாமல் காத்தீர்களா என்றார். இரு குரல்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு, மன்னனின் ஆட்சிக்கும் கும்பினியின் ஆட்சிக்கும் உள்ள வேறுபாடே ஆகும். மன்னன் தன் மகன் ஆளப்போகும் நாட்டுக்கு ஏரி வெட்டுவான். ஐந்தாறு ஆண்டில் பொருள் திரட்டிக் கப்பலேறப் போகிறவன் கரையின் உடைப்பை எதற்காக அடைப்பான்?

ஏரி அழிந்ததைச் சொல்வதற்குக் கடன் பத்திரத்தைச் சொன்னது ஏன் என்று இப்போது விளங்குகிறது. மதகு பழுதுபார்க்க வேண்டிய பணம் வட்டியாகச் சென்றது. இலண்டனில் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் கிடைத்தார். இங்கே ஒரு கலங்கல் இடிந்தது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு முனைகள். இந்தத் தொடர்பைக் காணும் கண்ணையே கவிக்கண் என்று சொல்லலாம்.

குறைகளும் சொல்லத்தக்கன

இவ்வுரையைப் புகழ்வதோடு நின்றுவிடுதல் திறனாய்வுக்கு அழகன்று. முதலாவதாக, பர்க் தன்னலம் சிறிதும் கலவாத நடுவர் அல்லர். அவருடைய உறவினர்போல் பழகிய வில்லியம் பர்க், தஞ்சை மன்னரின் முகவராக இலண்டனில் தொண்டாற்றியவர். நவாபின் கடன்காரர் தஞ்சைக்குப் பகைவர் என்பதால், பர்க்கின் சினத்தில் தஞ்சைச் சார்பும் கலந்திருந்தது என்று எதிரிகள் சொன்னதை முற்றும் புறக்கணிக்க இயலாது. ஆனால் சார்புடையவர் சொன்னார் என்பதால் சொன்னது பொய்யாகிவிடாது. 1801இல் கருநாடகம் கும்பினியின் நேராட்சிக்கு வந்தபின், நவாபின் பெயரால் எழுந்த மற்றக் கடன் உரிமைகளை ஆராய ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து, மிகப் பெரும்பகுதியைப் போலி என்று தள்ளினர். 1785இல் ஏற்கப்பட்ட கடன்களோ அத்தகைய ஆராய்ச்சி இன்றியே அடைக்கப்பட்டன. கணக்கைக் காட்டுக என்று கேட்டவரின் ஐயம் வீணன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரண்டாவதாக, பென்பீல்டின் உருவம் இவ்வுரையில் அளவுக்கு மீறிப் பெருத்துவிடுகிறது. வசைமொழிகள் குவியக் குவிய, இத்தனைக்கும் ஒரு தீயவனே காரணம் என்னும் எண்ணம் கேட்போர் மனத்தில் பதிகிறது. தீயவன் ஒருவன் நீங்கினால் தீமை நீங்கும் என்று அவை எண்ணிவிடக்கூடும். பென்பீல்டு பிற்காலத்தில் செல்வம் இழந்து 1810இல் பாரிசில் வறியவராய் இறந்தார். அவர் அழிந்தும் அவர் வளர்ந்த முறை அழியவில்லை. கணக்குப் பகுதியில் முறையைக் கண்ட பர்க், வசைப் பகுதியில் ஆளைக் கண்டு நின்றுவிட்டார். வணிக ஆதிக்கத்தை எழுதப் புகும் எழுத்தாளர் பலர்க்கும் நேரும் இடர் இது. இலக்கியம் முகத்தைத் தேடுகிறது. நிறுவனத்துக்கோ முகம் இல்லை.

மூன்றாவது குறை நமக்கு மிக நெருங்கியது. இவ்வளவு நீண்ட உரையில் கருநாடகத்து உழவர் ஒருவரேனும் வாய் திறந்து பேசவில்லை. அவர்கள் சாகிறார்கள், ஓடுகிறார்கள், பட்டினி கிடக்கிறார்கள். பெயர் இல்லை, சொல் இல்லை. பத்தாயிரம் ஏரிகளை எண்ணியவர், அவற்றின் கரையைக் காத்த ஊராரை எண்ணவில்லை. பழைய மன்னர்களைத் தந்தையர் என்று போற்றுமிடத்தும், ஏரிகளைக் கட்டிய கைகளும் காத்த கைகளும் குடிகளுடையவை என்பது மறைந்து போகிறது. இரக்கம் மிகுந்த எழுத்திலும் இரங்கப்படுவோர் ஊமையராவது உண்டு.

புதுச்சேரியில் ஒரு தமிழ்ச் சாட்சி

அவ்வாறாயின் அக்காலத்துத் தமிழ்க் குரல் ஒன்றும் இல்லையா எனின், உண்டு. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு அத்தகையது. பிரெஞ்சுக் கும்பினியில் துய்ப்ளே ஆளுநராக இருந்த காலத்தில் தலைமைத் துபாஷியாக விளங்கிய பிள்ளையவர்கள், வணிகக் கும்பினி ஒன்று அரசாக மாறுவதை உள்ளிருந்தே கண்டவர். யார் யாருக்கு என்ன பரிசில் கொடுத்தார், எந்த அலுவலுக்கு யார் யாரைப் பிடித்தார், ஆளுநரின் மனைவியார் தலையிட்டதால் எந்தக் காரியம் எவ்வாறு திரும்பிற்று என்பனவெல்லாம் பேச்சு நடையில் நாள்தோறும் பதிவாகியுள்ளன.

பர்க்கையும் பிள்ளையையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது பெரும் பயன் தரும். பிள்ளையவர்கள் முகங்களைக் காண்கிறார். முறையைப் பெயரிட்டுச் சொல்வதில்லை. தாமும் அம்முறைக்குள் வாழ்ந்து வளம் பெற்றவராதலின், பரிசில் அவருக்கு வியப்பன்று, அன்றாட நடப்பு. பர்க் முறையைக் காண்கிறார்; ஆனால் இந்நாட்டு முகங்கள் அவர் கண்ணுக்கு எட்டவில்லை. ஒருவரிடம் உள்ளது மற்றவரிடம் இல்லை. இருவர் எழுத்தையும் ஒன்றாகப் படிப்பவருக்கே கும்பினி ஆட்சி என்பது முழுதும் விளங்கும். புதுச்சேரிப் பரிசிலும் சென்னைக் கடன் பத்திரமும் இலண்டன் வாக்கும் ஒரே கயிற்றின் புரிகள் என்பது அப்போது தெரியும்.

நம் காலத்து எதிரொலி

இது பழங்கதை அன்றோ, கும்பினி போய் நெடுங்காலம் ஆயிற்றே எனின், கும்பினி போயிற்று; கேள்வி போகவில்லை. விடுதலைக்குப் பின் நம் நாட்டிலும் இது மன்றம் ஏறியது. தாதா இரும்பு எஃகு நிறுவனம் கட்சிகளுக்கு நன்கொடை வழங்கத் தன் அமைப்பு விதியைத் திருத்த விரும்பியபோது, 1957இல் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, சட்டம் அதனைத் தடுக்கவில்லை என்று இசைந்தார். இசைந்தபோதே, இது மக்களாட்சியை நெரிக்கக்கூடிய இடர் என்று எச்சரித்தார். 1969இல் நிறுவன நன்கொடை தடை செய்யப்பட்டது. 1985இல் வரம்புகளோடு மீண்டும் இசைவு பெற்றது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு ஏழரை என வரம்பு கட்டியது. 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அவ்வரம்பை நீக்கியது. எக்கட்சிக்குக் கொடுத்தோம் என்று நிறுவனம் தன் கணக்கில் காட்டவேண்டும் என்னும் விதியையும் நீக்கியது. 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்திரம் வாங்கியவர் பெயரும் பெற்ற கட்சியின் பெயரும் குடிமக்களுக்குத் தெரியாமல் இருப்பதே அதன் இயல்பு.

2024 பிப்ரவரி 15ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக அத்திட்டத்தை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நீக்கியது. நிறுவன நன்கொடைக்கு வரம்பை நீக்கிய திருத்தத்தையும் செல்லாததாக்கியது. விவரங்களை வெளியிடுமாறு பணித்தது. மார்ச்சில் முதலில் வெளிவந்தவை இரு பட்டியல்கள். வாங்கியோர் பட்டியல் ஒன்று. பணமாக்கிய கட்சிகளின் பட்டியல் ஒன்று. இரண்டையும் இணைக்கும் எண் அவற்றில் இல்லை. நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்திய பின்னரே பத்திரங்களின் வரிசை எண்கள் வெளிவந்தன; எவர் பணம் எக்கட்சிக்குச் சென்றது என்று பொருத்திப் பார்க்க முடிந்தது.

இந்நிகழ்ச்சியைப் பர்க்கின் உரையைப் படித்தவர் எவ்வாறு காண்பார்? 1785இல் 164 பேர் காட்ட மறுத்ததும் இதுவே. சென்னைக் கணக்கும் இலண்டன் கணக்கும் தனித்தனியே கிடக்கட்டும், இணைக்கும் எண் வேண்டா என்பதே அன்றைய அவையின் முடிவு. நம் காலத்தில் அந்த எண்ணை நீதிமன்றம் கேட்டுப் பெற்றது. பர்க்குக்கு நீதிமன்றமும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை; கற்பனையும் உழைப்பும் கொண்டு தாமே அதனை எழுத வேண்டியிருந்தது. ஒப்புமையை மிகைப்படுத்தலும் ஆகாது. அன்று ஆண்டது அயலார் கும்பினி. இன்று ஆள்வது நாம் தேர்ந்த அரசு. அன்று கருநாடகத்துக் குடிக்கு வாக்கு இல்லை, இன்று உண்டு. ஆயினும் வாக்கு உடையவன் கணக்கை அறியாதவனாயின், அவன் கையிலிருக்கும் வாக்கின் பொருள் குறைந்துவிடுகிறது. நன்கொடை கொடுத்தல் குற்றம் என்று எவரும் கூறவில்லை. கொடுத்ததும் பெற்றதும் ஒரே பக்கத்தில் தெரியட்டும் என்பதே கேட்கப்படுவது.

முடிவாக

வணிகத்தின் ஆதிக்கம் அரசியலில் இரைச்சலோடு நுழைவதில்லை. ஒரு கடிதத்தில் ஒரு சொல் மாறுகிறது. ஓர் ஆராய்ச்சி கைவிடப்படுகிறது. ஒரு விதி நிதிச் சட்டத்தின் நடுவே ஓசையின்றி மறைகிறது. இத்தகைய நிகழ்ச்சிகளில் நாடகம் இல்லை. ஆதலால் நாவலாசிரியர்க்கும் கவிஞர்க்கும் இவை எளிதில் வசப்படுவதில்லை. பர்க் இவற்றினுள் நாடகத்தைக் கண்டார். கணக்கை ஏரியோடு சேர்த்தார். ஏரியைப் பயிரோடும், பயிரைப் பட்டினியோடும் சேர்த்தார். ஆளைப் பழித்த இடங்களில் அவர் உரை இன்று வாடிக் கிடக்கிறது. கணக்கும் ஏரியும் சந்திக்கும் இடங்களில் அது இன்றும் பசுமையாய் நிற்கிறது.

தமிழ் மாணவர்கள் இவ்வுரையைப் புறநானூற்றோடும் ஆனந்தரங்கர் நாட்குறிப்போடும் சேர்த்துப் படித்தல் நலம். ஆங்கில நடையின் அழகைச் சுவைப்பதற்கு மட்டும் படித்தால் பாதிப் பயனே கிட்டும். வரி செலுத்தியவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பதையும், அக்கணக்கைப் படித்துப் பொருள் காண்பதும் எழுத்தாளனின் தொழில்களுள் ஒன்று என்பதையும் அறியப் படிக்க வேண்டும். 69 பேர் தோற்ற அந்த இரவில் வெற்றி பெற்றவர்களின் மௌனம் எவர் நினைவிலும் இல்லை. தோற்றவர் ஒருவரின் பேச்சைத்தான் இன்று நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.